அட்டையில் விழுந்த முத்திரை

என் நாயின் தடுப்பூசி அட்டை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. நீல நிற அட்டை. ஒரு மூலையில் பல் பதிந்திருக்கும். குட்டியாக இருந்தபோது அவனே கடித்து வைத்தது. வருடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் தேதி, மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர், அதன்மேல் கிளினிக்கின் முத்திரை. அவன் இருந்த வருடங்களில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. முன்பெல்லாம் இப்படி ஓர் அட்டையைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். இப்போது அந்தக் கடைசி முத்திரையைப் பார்க்கும்போது என்னை நானே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாய் தானாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஓர் அரசாங்க இலாகாவின் கவுண்டரில் உட்கார்ந்தவள். எங்கள் குடும்பமே அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தா ரயில்வேயில் கிளார்க், அப்பா இன்னோர் இலாகாவில் கிளார்க், பிறகு நான். எங்கள் வீட்டில் தண்ணீர் பில் முதல் அம்மாவின் மருந்துச் சீட்டு வரை துளை போட்டுக் கோப்பில் கட்டித்தான் வைப்போம். முத்திரையை எங்கள் ஊரில் ‘சாப்பு’ என்போம். சாப்பு விழுந்தால்தான் அது பத்திரம், விழாதவரை வெறும் தாள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நான் மட்டும். ஓய்வுபெற்ற வருடம் பழைய சக ஊழியர் ஒருவர் பிஸ்கட் பெட்டியில் மூன்று குட்டிகளைக் கொண்டுவந்தார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரிகள் நிறுத்தும் திடலில் பிறந்த குட்டிகள். வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் திரும்பிப் போகும்போது பெட்டியில் இரண்டுதான் இருந்தன. மீதி ஒன்று என் செருப்பின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படி வந்தவன் அவன்.

பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும். இடி இடித்தால் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்வான். கோயில் மணிக்கு ஊளையிடுவான். பக்கத்து வீட்டார் ஒருமுறை குறை சொன்னார்கள், நான் கொடுத்த பதிலில் பிறகு சொல்லவே இல்லை. வாய்க்கு நான் பயந்ததில்லை. பேப்பருக்குத்தான் பயம்.

ஐந்தாவது வயதில் வழக்கம்போல் வருடாந்திர ஊசி போட்டு வந்தேன். இரண்டாம் வாரம் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் எழுந்து நிற்கத் தள்ளாடினான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. மூத்திரம் பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்தில், கறுப்பாகப் போனது. தூக்கிக்கொண்டு எங்கள் தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன்.

அங்கே இருக்கும் டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். என்னை ‘அக்கா’ என்பார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உடம்பு தன் ரத்தத்தையே எதிரின்னு நெனச்சு அழிக்குது அக்கா.”

“ஊசியாலயா டாக்டர்?”

“உறுதியா சொல்ல முடியாது. சில நாய்க்கு ஊசி இப்படித் தூண்டிவிட்டுடும். ரொம்ப அபூர்வம் லா. மத்த நாய்க்கெல்லாம் ஊசி போடாம விட்டாத்தான் ஆபத்து. இவனுக்கு மட்டும் இனிமே பாத்துத்தான் செய்யணும்.”

அவனைக் காப்பாற்றிக் கொடுத்தார். மாதக் கணக்கில் மாத்திரை. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பேன். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாக என் பாதத்தில் துப்புவான். கெட்டிக்காரன். அந்த மருந்தால் முகம் உப்பி, வயிறு தொங்கி, பிறகு மெல்ல மெல்லப் பழையபடி ஆனான். மறுபடி கோயில் மணிக்கு ஊளையிட்ட அன்று நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அடுத்த வருடம் ஊசித் தேதி நெருங்கியது. போட்டால் இது திரும்பி வரலாம். போடாவிட்டால் பார்வோ என்ற தொற்றுநோய் வந்து சாகலாம். டாக்டரிடம் போனேன். அவர்தான் டைட்டர் சோதனையைப் பற்றிச் சொன்னார். முன்பு போட்ட ஊசிகளின் எதிர்ப்புச் சக்தி உடம்பில் இன்னும் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது. இருந்தால் மறு ஊசி தேவையில்லை. இல்லையென்றால் அப்போது யோசிக்கலாம். எலியால் வரும் நோய்க்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது, ஆனால் வீட்டுக்குள்ளேயே இருப்பவன் என்பதால் அந்த ஊசியை விட்டுவிடலாம் என்றார்.

அன்றே ரத்தம் எடுத்தார்கள். நான் கிளினிக்கிலேயே காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார். சீப்பு மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை. அதன் பற்களில் சாம்பல் நிறப் புள்ளிகள். புள்ளி எவ்வளவு கருமையோ அவ்வளவு எதிர்ப்புச் சக்தி. இவனுக்கு அந்தச் சோதனை பார்க்கும் மூன்று நோய்க்கும் மூன்று புள்ளியும் நல்ல கருமை.

“பாஸ் பண்ணிட்டான் அக்கா. ஊசி வேணாம்.”

பரீட்சையில் தேறிய பிள்ளையோடு வருவதுபோல அவனை நடத்திக்கொண்டு வந்தேன். வழியில், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பீசாங் கோரெங் வாங்கி, எண்ணெய்த் தோலை உரித்துவிட்டு உள்ளே இருந்த பழத்தை ஊதி ஊதிக் கொடுத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தால் அந்த வருடக் கட்டம் வெறுமையாக இருந்தது. பல்லில் சிக்கிய மாங்காய் நார்போல அது என்னை உறுத்தியது. மறுநாளே அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், இதில் ஒரு சாப்பு குத்திக் கொடுங்கள் என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார்.

“ஊசி போட்டாத்தான் சாப்பு, அக்கா. போடாத ஊசிக்கு நான் எப்படிக் குத்துறது?” என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கிளினிக் தாளில் ஒரு கடிதம் எழுதினார். போன வருடம் வந்த நோய், இனி ஊசி போடக் கூடாத காரணம், சோதனை முடிவு, எல்லாம் அதில் இருந்தது. கீழே கையெழுத்து. “யாராச்சும் கேட்டா இதக் காட்டுங்க. நம்பலன்னா எனக்குப் போன் அடிக்கச் சொல்லுங்க.”

கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் கைப்பையின் உள் ஜிப்புக்குள் வைத்தேன். கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. அது என் கண்ணில் படாமல் இல்லை.

அந்த வருடக் கடைசியில் என் பெறாமகளுக்குச் சிட்னியில் கல்யாணம். அக்காவின் ஒரே மகள். பத்து நாள் பயணம். நாயை விட்டுவிட்டு எப்படி வருவது என்று இழுத்தேன். அக்கா போனிலேயே பொரிந்து தள்ளினாள். அக்காவுக்கு இன்னும் எங்கள் வீட்டு யாழ்ப்பாணப் பேச்சுதான்.

“நாயொண்டுக்காக வராம இருக்கப் போறியோ? சனம் என்ன சொல்லும்?”

டிக்கட் எடுத்துவிட்டேன். எங்கள் கிளினிக்கில் நாய்களைத் தங்கவைக்க இடமில்லை. குட்டிகளைக் கொண்டுவந்த அதே சக ஊழியர், கிள்ளானில் ஒரு நாய் விடுதியைச் சொன்னார். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் காரின் பின்சீட்டில் அவனை ஏற்றிக்கொண்டு போனேன். போர்வை, சாப்பாட்டுத் தட்டு, கடித்துக் கடித்து உருத்தெரியாமல் போன ஒரு ரப்பர் வாத்து, எல்லாம் கூட வந்தன.

நல்ல இடம். கழுவிவிட்ட தரை, காற்றோட்டம், ஓடி விளையாடப் புல் தரை. நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண், தமிழ்ப் பெண். நாய்களோடு நாயாகத் தரையில் உட்கார்ந்து பேசுகிறவர். என் கவலை குறைந்தது. அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த வருசம் சாப்பு இல்லயே, ஆன்டி.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. குரலில் கண்டிப்புகூட இல்லை. என் கை கைப்பையின் ஜிப்புக்குப் போனது. போய் அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். என் கவுண்டருக்கு இப்படிக் கடிதத்தோடு வந்தவர்களை எண்ணி மாளாது. காஜாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஓர் அம்மா வந்தது நினைவிருக்கிறது. கணவர் இறந்த விவரத்தை அங்கே கணக்கெழுதும் எஸ்டேட் கிராணி கையால் எழுதிக் கொடுத்திருந்தார். கையெழுத்து இருந்தது, சாப்பு இல்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவை அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பேசியவர்களும் உண்டு. ‘நல்லாப் படிச்சுப் பாருங்க, மேடம்’ என்று கெஞ்சியவர்கள், கத்தியவர்கள். எனக்கு அவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். சட்டம் தெரியாத சனம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது நான் கவுண்டருக்கு வெளிப்பக்கம். பின்னால் ஒருவர் சடை நாயோடு காத்திருந்தார். கடிதத்தை எடுத்து நீட்டிக் கெஞ்சுகிற சனத்தில் ஒருத்தியாக நிற்க எனக்குக் கூசியது. சாப்பு இல்லாத கடிதத்தை நானே ஏற்றிருக்க மாட்டேன், இவர் மட்டும் எதற்கு ஏற்பார்? கேட்காமலே என் விண்ணப்பத்தை நானே நிராகரித்துவிட்டேன்.

“பக்கத்துலயே கிளினிக் இருக்கா?” என்று கேட்டேன்.

“நாலு கடை தள்ளி இருக்கு, ஆன்டி. ஆனா ஊசி போட்ட ஒடனே இங்க விட்டா பலன் வர டைம் ஆகும்...”

“இத்தன வருசம் ஒழுங்கா போட்டிருக்கேன்மா. பாருங்க.” அட்டையைத் தட்டிக் காட்டினேன். அவர் தயங்கித் தலையாட்டினார்.

நாலு கடை தள்ளியிருந்த கிளினிக்கில் வயதான சீன டாக்டர். பொறுமையானவர். அவனைத் தடவிக் கொடுத்து, காய்ச்சல் பார்த்து, நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, முன்பு எப்போதாவது ஊசி போட்ட பிறகு இவனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். மேசைமேல் ஏற்றினால் எப்போதும் என்னைத்தான் பார்ப்பான்.

நான் “நோ, டாக்டர்” என்றேன்.

வாய் தவறி வந்த பொய் இல்லை அது. எந்தப் பதிலுக்குச் சாப்பு விழும், எந்தப் பதிலுக்கு விழாது என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் ஊசியைக் கீழே வைத்திருப்பார். நல்ல டாக்டர், நிச்சயம் வைத்திருப்பார். எங்கள் டாக்டருக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். அடித்தால் வேண்டாம் என்பார், அதனால்தான் அடிக்கவில்லை. போன தடவை தற்செயலாக இருக்கும், டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லையே, இந்த ஒரு தடவைதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் டாக்டர் உறுதியாகச் சொல்லத் தயங்கியதை எனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டேன்.

ஊசி விழுந்தது. அவன் முனகக்கூட இல்லை. டாக்டர் ஸ்டிக்கரை ஒட்டி, முத்திரையை மையில் ஒற்றி, அட்டையில் அழுத்தினார். வெறுமையாக இருந்த கட்டம் நிரம்பியது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி வந்தது. என்னை நானே மன்னிக்க முடியாமல் இருப்பது பொய்யைவிட அந்த நிம்மதிக்குத்தான்.

சிட்னியில் கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் பட்டுக் கட்டிக்கொண்டு சிரித்து நின்றிருக்கிறேன், படம் இருக்கிறது. முதல் வாரம் விடுதிக்காரப் பெண் தினமும் வீடியோ அனுப்பினார். புல்லில் ஓடுகிறான், வாத்தைக் கவ்விக்கொண்டு தூங்குகிறான். எட்டாம் நாள், ‘கொஞ்சம் டல்லா இருக்கான், ஆன்டி. சாப்பிடல. உங்களத் தேடுறான் போல’ என்று ஒரு செய்தி. என்னைத் தேடுவதாக அவர் நினைத்தார். எனக்கு என்னவென்று தெரியும். மருமகனின் வீட்டார் விருந்தில் இலையில் கை வைத்தபடி, ‘ஈறைப் பாருங்க’ என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. வெளுத்திருந்தது.

அந்தச் சீன டாக்டரிடம் தூக்கிப் போகச் சொன்னேன், அவரிடம் காட்டும்படி உண்மையைச் செய்தியில் எழுதினேன். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். நான் டிக்கட்டை மாற்றி மறுநாளே வந்து இறங்கினேன். கிள்ளானிலிருந்து அவனை நேரே எங்கள் டாக்டரிடம் கொண்டுபோனேன். காரில் ஏற்றும்போது வாலை ஒரே ஒரு தடவை ஆட்டினான்.

எங்கள் டாக்டர் அட்டையைத் திறந்து புது முத்திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் எழுதிக் குடுத்த லெட்டர் எங்க அக்கா?”

“பையில இருக்கு.”

“காட்டலயா?”

“காட்டினாலும் ஏத்துக்க மாட்டாங்க டாக்டர்.”

அவர் வேறொரு நாயிடமிருந்து ரத்தம் வாங்கி ஏற்றினார். இரண்டு நாள் போராடினார். இரண்டாம் நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம், தெருவின் அந்தப் பக்கத்துக் கோயிலில் மணி அடித்தது. அவன் நிமிர்ந்த காதை மட்டும் அசைத்தான். ஊளையிட முடியவில்லை. என் கையை நக்கவும் முடியவில்லை, மூக்கை வைத்துக்கொண்டான். அப்படியே போய்விட்டான்.

“ஊசியாலதான்னு இப்பவும் உறுதியா சொல்ல முடியாது, அக்கா. தானாவும் திரும்பி வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். நல்ல மனசு. நான் அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. போன தடவை அதே வார்த்தையை எதற்குப் பயன்படுத்தினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துக் கிள்ளான் விடுதிக்குப் போனேன். அவசரத்தில் போர்வையும் வாத்தும் அங்கேயே தங்கிவிட்டன. பின்சீட்டு காலியாக இருக்கும் காரை ஓட்ட மனமில்லாமல் கொம்யூட்டர் ரயிலில் போனேன். விடுதிக்காரப் பெண் போர்வையைத் துவைத்து மடித்து, வாத்தை அதன்மேல் வைத்திருந்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவரே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பை முடிக்க அன்று நாயைச் சேர்த்தபோது தந்த பதிவுப் பாரத்தின் நகல் வேண்டும் என்றார். பையின் உள் ஜிப்பைத் திறந்து நகலை இழுத்தேன். பிளாஸ்டிக் உறையும் கூடவே வந்து மேசையில் விழுந்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். முழுதாகப் படித்தார்.

“இது... டைட்டர் டெஸ்ட்டா, ஆன்டி? இது அன்னிக்கே உங்க பையில இருந்துச்சா?”

“ம்.”

“ஏன் ஆன்டி காட்டல? இது இருந்தாப் போதுமே. எங்கிட்ட நெறய பேர் இதுதான் கொண்டாராங்க. என் கெழட்டு நாய்க்கே நான் இதுதான் எடுக்குறேன்.”

“அதுல சாப்பு இல்லயேம்மா” என்றேன்.

அவர் புரியாமல் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “டாக்டர் எல்லாம் வெவரமா எழுதியிருக்காங்க. படிச்சாத் தெரியுதுல்ல ஆன்டி?”

கடிதத்தை வாங்கிக்கொண்டேன். கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. மடியில் போர்வையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தேன். அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து கீழே முத்திரை இல்லாததைத்தான் பார்த்திருந்தேன். படித்தது அன்றுதான்.